வாடை போனதும்

நவம்பர் 27

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அடுப்படிக்குப் போய், சிலிண்டர் குமிழ் மூடியிருக்கிறதா என்று விரலால் திருகிப் பார்த்தேன். பிறகு பால் காய்ச்சினேன். பொங்கி வரும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. அதற்கப்புறம்தான் பல் துலக்கினேன்.

ஊத்துக்காட்டில் இன்று காப்பிப் பழம் எடுப்பு தொடங்கியது. எங்கள் எஸ்டேட்டில் மிக உயரமான பகுதி அதுதான். பாறையிடுக்கில் ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். பலா நிழலும் மூடுபனியுமாகப் பழம் மெதுவாகப் பழுக்கும். மெதுவாகப் பழுத்தால்தான் கொட்டைக்குள் வாசம் ஏறும். பதினான்கு பெண்கள் வந்திருந்தார்கள். முழுச் சிவப்பை மட்டும் எடுக்கச் சொல்லி, கையில் ஆளுக்கொரு பழத்தை வைத்துக் காட்டினேன். "இந்த நெறம். இதுக்கு ஒரு மாத்து குறைஞ்சாலும் வேண்டாம்." பஞ்சவர்ணம் தன் புடவை முந்தானையைப் பழத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கும்மா. இனி இந்தச் சேலையக் கிழியுற வரைக்கும் கட்டிக்கிட்டு வர வேண்டியதுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நாகுத்தாய் இந்த வருடம் வரவில்லை. கானல்காட்டுப் பக்கம் வேறொரு எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். அவள் பார்த்துவந்த பழம் கழுவும் தொட்டிக்குப் பஞ்சவர்ணத்தைப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 28

நேற்று மாலையே தண்ணீரில் மிதந்த பழங்களை நீக்கி, பல்பர் இயந்திரத்தில் தோலுரித்து, வழவழப்போடு புளிக்கத் தொட்டியில் போட்டாயிற்று. பல்பரின் பெல்ட் நடுவில் அறுந்து, மேஸ்திரி தெய்வேந்திரன் தாண்டிக்குடிக்கு ஓடிப் போய் வேறு வாங்கி வந்தார். அமில அளவைக் கருவியைத் தொட்டிக்குள் விட்டு மூன்று மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்கிறேன்.

மெர்லின் சென்னையிலிருந்து போன் செய்தாள். போன வருடம் ஊத்துக்காட்டுக் காப்பியை வாங்கி, வறுத்து, தன் கடையில் விற்றவள். "ரேணுகா மேம், அதே மல்லிப்பூ இந்த வருஷமும் வேணும். முந்நூறு கிலோ எடுத்துக்கறேன். பிப்ரவரியில நானே வந்து டேஸ்ட் பண்ணிப் பாக்கறேன்." அதே மாதிரி இல்லாவிட்டால்? அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா காலத்தில் எங்கள் காப்பி எல்லோருடைய காப்பியோடும் கலந்து பட்டிவீரன்பட்டி லாரியில் ஏறிப் போய்விடும். அதற்கென்று ஒரு பெயர் வரவைக்க எட்டு வருடம் ஆனது. அது போவதற்கு ஒரு மடக்கு போதும்.

நவம்பர் 29

காலை ஐந்தரைக்குத் தொட்டிக்குள் கைவிட்டுக் கொட்டையை உரசிப் பார்த்தேன். வழவழப்பு போய்க் கூழாங்கல் போல நறநறவென்றது. கருவியும் சரி என்றது. பஞ்சவர்ணத்திடம் "எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்கும்மா."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாத்தான் இருக்கு." அவள் என்னைப் பார்த்த பார்வையில், பரீட்சை வைக்கிறேனோ என்ற பயம் இருந்தது.

கழுவச் சொல்லிவிட்டேன். பிறகு ஒரு பகல், ஓர் இரவு சுத்தமான ஊற்றுத் தண்ணீரில் ஊறும். நாகுத்தாய் என்றால் இருபது விதமாகச் சொல்லியிருப்பாள். போன வருட நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'இன்னும் பச்சைத் தண்டுதான்.' 'நெல்லு வெந்த மாதிரி.' 'பஞ்சாமிர்த டப்பா திறந்தாச்சு.' 'லேசா கள்ளு ஏறப் பாக்குது, கழுவிருங்க.' அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. கடைசி வரி: 'ஈரத் துணியில சுத்தி வச்ச மல்லிப்பூ.'

நவம்பர் 30

கொட்டைகளைக் கம்பிவலைக் கட்டில்களில் பரப்பினோம். நிழல் வலைக்குக் கீழே, மெதுவாக. வெயிலில் போட்டால் ஒரு வாரம். இப்படி என்றால் இருபது நாள். அரைமணிக்கு ஒருமுறை கையால் கிளறிவிட வேண்டும். கைரேகை எல்லாம் தேய்ந்துவிடும்போல இருக்கிறது.

டிசம்பர் 4

காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டது. நாள் முழுக்க அதுதான் வேலை.

டிசம்பர் 9

சனிக்கிழமை. மதுரையிலிருந்து இவர் வந்தார். கல்லூரியில் விடைத்தாள் திருத்தி முதுகு வலி என்றார். மீன் வாங்கி வந்திருந்தார். "நேத்து சாயங்காலமே வாங்கி ஐஸ்ல வச்சேன், நல்லா இருக்கான்னு பாரு" என்று பையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். செவுளைத் திறந்து நிறம் பார்த்த பிறகுதான் கழுவினேன்.

நாகுத்தாய் ஏன் வரவில்லை என்று கேட்டார். வேறு இடத்தில் கூலி அதிகமாக இருக்கும் என்றேன்.

உண்மையில் அப்படி இல்லை. மார்ச் மாதம் அவளைத் தொட்டி வேலையிலிருந்து களையெடுப்புக்கு மாற்றினேன். அதற்கு அவள் கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

டிசம்பர் 15

ஸ்டோர் அறையின் பலகைத் தளத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. சூசை ஆசாரி இரண்டு நாளாக வேலை பார்த்து ஏழு பலகை மாற்றினார். அடியிலும் பக்கவாட்டிலும் கரையான் மருந்து எண்ணெய் அடித்தார். முடித்துக் கை துடைத்துக்கொண்டே, "கதவு சன்னலைத் திறந்தே போடுங்கம்மா. வாடை போனதும் மூட்டையை உள்ள வைங்க" என்றார்.

"எத்தனை நாளாகும்?"

"அதென்னம்மா, நாள் கணக்கா? குளிருல லேட்டாவும், வெயிலடிச்சா சீக்கிரம் போவும். வாடை போனா தெரியப் போவுது." சிரித்துக்கொண்டே போனார்.

டிசம்பர் 18

இன்று நான்கு தடவை ஸ்டோருக்குள் போய் நின்றேன். புதுப் பலகை வெள்ளையாக இருக்கிறது. விரல் வைத்தால் எண்ணெய் ஒட்டவில்லை.

டிசம்பர் 20

கொட்டை காய்ந்துவிட்டது. ஈரமானி பதினொரு சதவீதம் காட்டுகிறது. ஆனால் நேற்றிலிருந்து மேகம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. களத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. இன்னும் ஓர் இரவு வெளியே வைத்தால் காய்ந்த கொட்டை மறுபடி ஈரம் குடிக்கும். இருபது நாள் உழைப்பும் வீண்.

ஸ்டோர் வாசலில் தெய்வேந்திரனை நிறுத்தி, யோசிப்பதுபோலப் பாவனை செய்து, "வாடை போயிருக்கும்ல, மேஸ்திரி?" என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். "உங்களுக்குத் தெரியாததாம்மா" என்றார்.

"வைங்க" என்றேன்.

டிசம்பர் 21

பன்னிரண்டு மூட்டையும் உள்ளே. மனம் லேசாக இருக்கிறது என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன்.

டிசம்பர் 30

இவர் வந்திருந்தபோது, சாப்பிட்டுவிட்டு ஸ்டோர் பக்கம் நடந்து போனார். திரும்பி வந்து, "என்ன, ஸ்டோர்ல ஒரே நெடி?" என்றார்.

"கரையான் மருந்துதான். தெரியும். போயிரும்."

"காப்பில ஏறாதா?"

"மூட்டைக்குள்ள எப்படி ஏறும்? எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்தது. அவர் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார். அவர் பேருந்து ஏறிய பிறகு ஆட்களைக் கூப்பிட்டு மூட்டைகளைக் கார் ஷெட்டுக்கு மாற்றினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பத்து நாள். சாக்குக்குள், தோல் போர்த்திய கொட்டைக்குள், பத்து நாளில் எவ்வளவு ஏறும்? படித்தது எல்லாம் தெரியும். காப்பிக் கொட்டை பக்கத்தில் இருப்பதை எல்லாம் குடிக்கும் என்று பெங்களூரில் சான்றிதழ் வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். ஒரு கைப்பிடியை யாரிடமாவது கொடுத்து "மோந்து பார்" என்றால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையை என்னால் கேட்க முடியவில்லை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். பெண்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. வீட்டுக் காப்பியைக் குடித்தேன். சூடாக இருந்தது. கசப்பாக இருந்தது. கொஞ்சம் புளிப்பு.

பிப்ரவரி 3

கொஞ்சம் கொட்டையை உரித்து, சின்ன இயந்திரத்தில் வறுத்தேன். வறுக்கும்போது கொட்டை முதலில் ஒருமுறை வெடிக்கும், சோளப்பொரியை விட மெல்லிய சத்தம். அந்தச் சத்தத்திலிருந்து எழுபது விநாடி எண்ணி இறக்கினேன். நிறம் சரி. நாக்கில் புளிப்பு சரி, தித்திப்பு சரி, வழுக்கலும் சரி. மற்றது இருக்கும் என்று நம்புகிறேன்.

பஞ்சவர்ணம் களத்திலிருந்து வந்து வாசலில் நின்றாள். "அம்மா, வறுக்குறப்ப ஒரு மாதிரி…" என்று இழுத்தாள்.

"என்ன ஒரு மாதிரி?"

"இல்லம்மா. ஒண்ணுமில்ல. இப்படித்தான் இருக்குமோ என்னவோ."

"இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

பிப்ரவரி 10

மெர்லின் வந்தாள். ஆறு மணிக்கே வத்தலக்குண்டில் இறங்கி, முதல் பேருந்தைப் பிடித்து, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன் என்று சிரித்துக்கொண்டே வந்தாள். தோசை வேண்டாம், நாக்கு கெட்டுவிடும் என்றாள். நேராக மேசைக்குத்தான்.

ஐந்து கண்ணாடித் தம்ளர். ஒவ்வொன்றிலும் கரகரப்பாக அரைத்த தூள். பஞ்சவர்ணம் வெந்நீர்க் கெண்டியோடு வாசலில். மெர்லின் வெந்நீர் ஊற்றும் முன்பே தூளின் மேல் குனிந்து, நிமிர்ந்து, அடுத்த தம்ளருக்குப் போய், மறுபடி முதல் தம்ளருக்கு வந்தாள். நான் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். வெந்நீர் ஊற்றி நான்கு நிமிடம். மேலே கட்டிய நுரையைக் கரண்டியால் விலக்கினோம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். குனிந்தேன், மூச்சை இழுத்தேன், கண்ணை மூடினேன்.

அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டு முதல் தம்ளருக்கே திரும்பினாள். அவள் சொல்லும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. நானாகத் தொடங்கினேன். "மல்லிப்பூ நல்லா வந்திருக்கு. எலுமிச்சந்தோல் கொஞ்சம். ஆறினதும் தேன் வரும் பாருங்க. போன வருஷத்தை விடத் தெளிவா, அந்த… ஈரத் துணியில சுத்தி வச்ச…"

"மேம்."

கரண்டியைக் கீழே வைத்திருந்தாள்.

"நீங்க அஞ்சையும் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"எல்லாத்துலயும் பினாயில் மாதிரி ஒரு வாடை வருது, மேம். குடிக்கவே முடியல. உங்களுக்கு வரலையா?"

வாசலில் பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜலதோஷம்" என்றேன். "மூணு நாளா."

மெர்லின் என்னைப் பார்த்தாள். நம்பவில்லை. ஏமாற்றுகிறேன் என்று நினைத்தாளா, புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாளா, தெரியவில்லை. மரியாதையான பெண். வாயைக் கொப்பளித்துவிட்டு, சாமான்களைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். கிளம்பும்போது, "மாசக் கடைசிக்குள்ள வேற லாட் ஏதாவது இருந்தா கால் கிலோ அனுப்புங்க மேம். இல்லன்னா விட்டுருவோம்" என்றாள். பிறகு, "போன வருஷம் பாக்கெட்ல போட்ட அந்த ஒரு வரிக்காகவே நிறைய பேர் வாங்கினாங்க" என்றாள்.

அவள் போனதும் பஞ்சவர்ணத்தைக் கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஸ்டோர்ல வச்ச அன்னைக்கே தெரியும்மா. மூட்டை தூக்குன எல்லாருக்கும் தெரியும்."

"பின்ன ஏண்டி சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? மூக்குக்குன்னு சர்டிபிகேட் வாங்கிச் சுவத்துல மாட்டியிருக்கீங்க. மேஸ்திரி சொன்னாரு, அம்மா ஏதோ புது முறை செய்யுது, நீங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்கன்னு." அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "அன்னைக்கு வறுக்குறப்பச் சொல்லத்தான் வந்தேன்."

பிப்ரவரி 11

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. இதிலும் இத்தனை மாதம் சுற்றி வளைத்திருக்கிறேன்.

எனக்கு வாசனை தெரியாது. ஊரடங்கு காலத்தில் வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு போனது, திரும்பி வரவில்லை. முதலில் எல்லோருக்கும் போனது, எல்லோருக்கும் வந்தது. எனக்கும் வரும் என்று இருந்தேன். ஆறு மாதம், ஒரு வருடம். பிறகு சொல்வதற்கான காலம் கடந்துவிட்டது. மார்ச்சில் காப்பி பூக்கும்போது ஊரே கிறங்கிக் கிடக்கும். நான் பூவின் மேல் உட்காரும் தேனீக்களை எண்ணிக்கொண்டிருப்பேன். இவரிடமும் சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள் வருகிறவரிடம் மறைப்பது எளிது.

போன வருடக் காப்பி நாகுத்தாய் செய்தது. நான் தொட்டியில் கைவிட்டேன், கருவியைப் படித்தேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொன்னது அவள். எந்தக் கட்டிலில் பூஞ்சை நெடி, எந்தக் கூடையில் அழுகல் பழம் கலந்திருக்கிறது, எல்லாம் அவள். "எப்படி இருக்கு நாகு?" என்று தினமும் சும்மா கேட்பதுபோலக் கேட்பேன். அவள் சொன்னதை எழுதி, என் கையெழுத்தைப் போட்டு மெர்லினுக்கு அனுப்பினேன்.

போன மார்ச்சில் மெர்லின் இரண்டு நண்பர்களோடு வந்தாள். அச்சடித்த பாக்கெட்டை எனக்குப் பரிசாகக் கொண்டுவந்திருந்தாள். நாகு எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தவள், பாக்கெட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. "ஏம்மா, இது நான் சொன்னதுல்ல! ஈரத் துணியில சுத்தி வச்ச மல்லிப்பூ! நான்தான சொன்னேன்!" வந்தவர்களைப் பார்த்தும் சொன்னாள். பெருமைதான், வேறொன்றும் இல்லை.

அடுத்ததாக என்ன சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். "உனக்கு இங்க என்ன வேலை? போய்த் தொட்டியைக் கழுவு" என்றேன். அவர்களிடம் திரும்பி, ஆங்கிலத்தில், இவர்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்வார்கள் என்றேன். நாகுவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரு நண்பர் சிரித்தார். சிரிப்புக்கு மொழி தேவையில்லை.

மறுநாள் களையெடுப்புக்கு மாற்றினேன். அதற்கு மறுநாள் அவள் வரவில்லை.

பிப்ரவரி 14

கானல்காட்டுக்குப் போனேன். ஒரு கவரில் எங்கள் கொட்டை ஒரு கைப்பிடி. நாகு வேலை பார்க்கும் எஸ்டேட்டில் மூன்றரைக்கு ஆள் விடுகிறார்கள். கேட்டுக்கு வெளியே கல்வெர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குசுகுசுவென்று பேசிக்கொண்டு போனார்கள். நாகு கடைசியாக வந்தாள்.

"வாங்கம்மா. என்ன இம்புட்டுத் தூரம்? ஆள் விட்டுருந்தா நானே வந்திருப்பேன்ல."

"வந்திருப்பியா?"

"வந்து என்னன்னு கேட்டுட்டுப் போயிருப்பேன்" என்றாள். சிரிக்கவில்லை.

கவரை நீட்டினேன். பிரித்து, மூக்குக்கு அருகில்கூடக் கொண்டுபோகவில்லை. "கரையான் மருந்து. ஸ்டோர்ல பலகை மாத்துனீகளா?"

"ம்."

"எத்தனை மூட்டை?"

"பன்னெண்டும்."

"அடப் பாவமே." கொட்டையைக் கைமாற்றிக் கொட்டினாள், செத்த குஞ்சைப் பார்ப்பதுபோல. "நல்ல கொட்டைம்மா இது. பாருங்க, எம்புட்டு அளவா காஞ்சிருக்கு. ஒருத்தருமா சொல்லல?"

"நான் கேக்கல."

"நீங்க கேக்கமாட்டீக. கேட்டா தெரிஞ்சு போயிரும்ல."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்மா. முந்தின வருசம் தை மாசம் காப்பி போட்டுக் குடுத்தீக. பாலு அடிப்பிடிச்சுக் கருகிப் போயிருந்துச்சு, வாயில வைக்க முடியல. நீங்க எதிர்ல உக்காந்து, காப்பி எப்பிடி நாகுன்னு கேட்டுக்கிட்டே குடிச்சீக. அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"நீயும் குடிச்சியே."

"குடிச்சேன். பின்ன, கீழயா ஊத்த முடியும்?"

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"நீங்களே சொல்லாததை நான் யாருக்கும்மா சொல்ல? அதான் காலையில தொட்டிக்கிட்ட வந்ததும் நீங்க கேக்காட்டியும் நானா வளவளன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். வீட்டுல எம் மகன் கேப்பான், நீ ஏம்மா இப்பல்லாம் எல்லாத்தையும் மோந்து மோந்து கதை சொல்றேன்னு." இப்போது கொஞ்சம் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. "தொட்டி கழுவுறது கேவலம்னு நான் போகலம்மா. என் வேலையே அதான். வந்தவுக முன்னாடி, என் வாயில வந்த பேச்ச எம் பேச்சுன்னு சொல்லக்கூட எனக்கு இடமில்லைன்னுட்டீகளே. மூக்கு சமாச்சாரத்தைப் போட்டு உடைச்சிருவேன்னு பயந்தீகளாக்கும். ரெண்டு வருசமா அதைப் பொத்திப் பொத்தி வச்சவ நானு."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு ஏதோ வந்தது. "திரும்பி வா நாகு" என்றேன்.

"வேண்டாம்மா. இங்க அய்யா எதையும் கேக்குறதில்ல, நாஞ் சொன்னாலும் காதுல வாங்குறதில்ல. காப்பியும் சுமார்தான். ஆனா நிம்மதியா இருக்கேன்."

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் முப்பது காப்பிச் செடி, முருங்கைக்கும் வாழைக்கும் நடுவில். இந்த வருடம் அந்தப் பழத்தைப் பிளாஸ்டிக் வாளியில் புளிக்க வைத்து, ஓடைத் தண்ணீரில் கழுவி, கட்டிலுக்கடியில் சுளகில் காயவைத்திருக்கிறாள். ஒரு டப்பாவைத் திறந்து, "மோந்து பா…" என்று நீட்டியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு எங்கோ வழியில் மாறிவிட்டது, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கு நாகு?" என்று கேட்டேன். தொட்டிக்கருகில் கேட்கும் அதே கேள்வி. இந்த முறை தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

அவள் டப்பாவுக்குள் மூக்கை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். "கல்யாண வீட்டுல மறுநாள் காலைல பந்தல் பிரிப்பாகல்ல. எல்லாரும் போயிட்டாக. பூவு மட்டும் கெடக்கு. அந்த மாதிரி."

கிளம்பும்போது கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலாகவே காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மெர்லின் கேட்ட அளவை நான் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. "இதை அந்த மெட்ராஸ் பொண்ணுக்கு அனுப்புங்க. உங்க காப்பின்னே சொல்லுங்க. இந்த வருசம் உங்க பேரு தப்பிச்சிரும்."

"உன் காப்பி, நாகு."

"முப்பது செடிய வச்சுக்கிட்டு நான் என்ன எஸ்டேட்டா நடத்தப் போறேன்? கொண்டு போங்கம்மா. பஸ்சு போயிரும்."

பிப்ரவரி 15

வறுத்தேன். நாகு கொடுத்ததில் ஒரு கைப்பிடி மட்டும். வெடிக்கும் சத்தம், எழுபது விநாடி. பஞ்சவர்ணம் களத்திலிருந்து ஓடி வந்தாள். "அம்மா! இது எங்க இருந்தும்மா? வீடெல்லாம் மணக்குது!"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இனி அதுதான் வாசம்.

பிப்ரவரி 16

அந்தப் பன்னிரண்டு மூட்டையையும் என்ன செய்வது என்று தெய்வேந்திரன் கேட்டார். மற்ற காப்பியோடு கலந்து விற்றுவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார். வேண்டாம், குழி தோண்டி உரத்தோடு போடுங்கள் என்றேன். பன்னிரண்டையுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

வாழையிலை அறுத்து வந்து இரவுக்குப் புட்டு அவித்தேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

இன்று முழுக்க அந்தப் பொட்டலம் மேசைமேல் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று முன்தினம் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டினேன். 'ஊத்துக்காடு, இரண்டாம் எடுப்பு' என்று என் கையால் எழுதிய சீட்டு. இரண்டு நாள் அது அப்படியே ஒட்டியிருந்தது. நாகுவே சொன்னாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஒரு வருடம் மட்டும். அடுத்த வருடம் சொல்லிவிடலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போட்ட அதே குரல்தான் இதுவும். எனக்கு நன்றாகப் பழக்கமான குரல்.

கருகிய பாலில் போட்ட காப்பியை அவள் குடித்து முடித்ததை நினைத்துக்கொண்டேன். தம்ளரின் அடிவரைக்கும் குடித்தாள். கழுவியும் வைத்தாள்.

பிப்ரவரி 18

ஞாயிறு. இவர் விடியற்காலையிலேயே மதுரைக்கு இறங்கிவிட்டார். சீட்டைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்தேன். மெர்லினுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நான்கு முறை அடித்து எழுதினேன், மிஞ்சியது இவ்வளவுதான்:

"இந்தக் காப்பி என்னுடையது அல்ல. கானல்காட்டில் முப்பது செடி வைத்திருக்கும் நாகுத்தாய் என்பவருடையது. போன வருடக் காப்பியும் அவர் கைப்பக்குவம். பாக்கெட்டில் நீங்கள் அச்சடித்த வரி அவர் சொன்ன வரி. அன்று தண்ணீர் கொண்டுவந்து அதைச் சொன்னவர் அவர்தான். அவரை நான் உங்கள் முன்னால் அவமானப்படுத்தினேன். எனக்கு மூன்று வருடமாக வாசனை தெரியாது. அன்று உங்களிடம் ஜலதோஷம் என்றது பொய். இந்தக் காப்பி எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அவரைக் கேளுங்கள். அவர் மகனின் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்."

மெர்லின் அங்கே போவாள். போனால் இங்கே வரமாட்டாள். ஊத்துக்காட்டுப் பழம் மறுபடி லாரியில் ஏறும். அது தெரிந்துதான் எழுதினேன். நாகு வாங்குவாளா, திட்டுவாளா, அதுவும் தெரியாது.

சாயங்காலம் இவர் போன் செய்தார். "சாம்பிள் கேட்டாளே அந்தப் பொண்ணு, ஏதாவது வழி பண்ணினியா?"

"கட்டி வச்சுட்டேன். நாளைக்குக் காலையில தபால்ல போயிரும்."

"நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்குன்னு பஞ்சவர்ணம் சொன்னா."

"பஞ்சவர்ணமா? நீ என்ன சொல்றே?"

மதுரையில் வெயில் எப்படி என்று கேட்டேன்.